வளர்த்தவரையே திடீரெனக் கடிக்கும் நாய்: ஐந்து வழிகளும் அவற்றை எடைபோடும் முறையும்

பல ஆண்டுகளாக வீட்டில் சாதுவாக வளர்ந்த நாய், எந்த முன்னறிவிப்பும் இல்லாததுபோல் தோன்றும் ஒரு நொடியில் தன்னை வளர்த்தவரின் கையையோ முகத்தையோ கடித்துவிட்டு, சற்று நேரத்தில் எதுவுமே நடவாததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்குமானால், அந்த வீட்டார் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. உடலில் நோயோ வலியோ இருக்கிறதா என்று முழுமையாகப் பரிசோதிக்கலாம், சூழலையும் பழக்கங்களையும் மாற்றி நாயோடு பாதுகாப்பாக வாழலாம், மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், கருணைக்கொலை செய்யலாம். அடித்து அடக்குவது என்ற ஆறாவது வழியையும் சிலர் முன்வைப்பார்கள். அது ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு அச்சத்தின் வேகத்திலோ பாசத்தின் வேகத்திலோ எடுக்கப்படுகிறது. அச்சம் ஐந்தாவது வழிக்கும், பாசம் நான்காவது வழிக்கும் இழுக்கும். இரண்டு வேகங்களுக்கும் துணையாக, "அந்த இனமே அப்படித்தான்" என்ற பேச்சு அக்கம்பக்கத்தில் எழும். கடியின் ஆழம், நாயின் எடை, தாக்குதலை முன்கூட்டி உணர முடிகிறதா என்பது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஆகிய நான்குக்கும் இனப்பெயரைவிடப் பன்மடங்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இனத்தின் மீது விழும் பழி

இவ்வகைத் தாக்குதலுக்கு ‘ரேஜ் சிண்ட்ரோம்’ (திடீர் வெறிச்சீற்றம்) என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. இங்கிலீஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியல், இங்கிலீஷ் காக்கர் ஸ்பானியல் ஆகிய இரண்டு இனங்களே அதோடு மிகுதியாக இணைத்துப் பேசப்பட்டன; புல் டெரியர், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றின் பெயர்களும் அவ்வப்போது சேர்க்கப்பட்டன. கால்நடை நடத்தை மருத்துவர்கள் இன்று இந்தப் பெயரை மிகுந்த தயக்கத்தோடுதான் கையாளுகிறார்கள். எல்லாச் சோதனைகளும் முடிந்து, வேறு எந்த விளக்கமும் பொருந்தாதபோது மட்டுமே, காரணம் அறியப்படாத ஆக்கிரமிப்பு என்று பதிவு செய்கிறார்கள். அப்படிப் பதிவு செய்யும் நிலைக்கு உண்மையிலேயே வந்து சேரும் நாய்கள் மிகச் சிலவே.

இனத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களான போட்பர்செக்கும் செர்பெல்லும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறம் கொண்ட காக்கர் ஸ்பானியல்கள், பல நிறத் திட்டுகள் கொண்டவற்றைவிட அதிகமாக ஆக்கிரமிப்புக் காட்டுவதாக வளர்ப்பவர்கள் தெரிவித்திருந்தார்கள். அவற்றிலும் பொன்சிவப்பு நிறத்தவை முன்னிலையில் இருந்தன. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிரிங்கர் ஸ்பானியல்களைப் பற்றி ரைஸ்னரும் அவருடைய சகாக்களும் நடத்தி 2005-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, வளர்ப்பவர் மீதான ஆக்கிரமிப்பில் சூழலோடு மரபும் பங்கு வகிப்பதைச் சுட்டியது. கண்காட்சிக்கென வளர்க்கப்படும் பரம்பரைகளிலும், குறிப்பாக ஒரு வளர்ப்பகத்தின் வழிவந்த நாய்களிலும் அது கூடுதலாகக் காணப்பட்டது. புல் டெரியர்களில் சில, தம் வாலையே விடாமல் துரத்துவது, மெய்மறந்து நிற்பது, திடீரென வெடித்துத் தாக்குவது ஆகிய மூன்றையும் சேர்த்துக் காட்டுவதால், அவற்றிடம் மூளையின் ஒரு பகுதியில் எழும் வலிப்பு இருக்கலாம் என்ற ஐயம் மருத்துவர்களிடையே நெடுநாளாக இருந்து வருகிறது.

மறுபுறம், 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் தந்த விவரங்களையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணு வரிசையையும் ஒப்பிட்டு, தனித்தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிவது ஏறத்தாழ 9 சதவீதமே என்று கண்டது. பின்லாந்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2021-இல் வெளியான ஆய்வில், மனிதர் மீது ஆக்கிரமிப்புக் காட்டுவதோடு அச்சம் மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தது, முதுமையும் தொடர்புற்றிருந்தது. இந்த முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓர் இனத்தின் பெயர் மிகப் பரந்தது. அதற்குள் ஒரு குறிப்பிட்ட தந்தை நாயின் வழியோ, ஒரு வளர்ப்பகத்தின் வழியோ மட்டும் சிக்கலைச் சுமந்து வரக்கூடும். ஆகவே கடித்த நாயின் இனம் எது என்று கேட்பதைவிட, அதனோடு ஒரே ஈற்றில் பிறந்தவையும் அதன் பெற்றோரும் எப்படி இருக்கின்றன என்று கேட்டறிவது முடிவெடுக்க அதிகம் உதவும்.

எதற்கும் முன் முடிக்க வேண்டியவை

வழிகளை ஒப்பிட அமர்வதற்கு முன் ஒரு கடமை இருக்கிறது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீர்க் குணமாற்றத்தின் காரணங்களில் ரேபிஸும் ஒன்று. அது வெளிப்பட்டபின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிக்கும் நோய். கடித்த நாயை 10 நாள் தனிமைப்படுத்திக் கண்காணிக்கச் சொல்வதற்குக் காரணம், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் அக்கிருமி இருந்திருந்தால், அந்தக் காலத்துக்குள் நோய் வெளிப்பட்டு நாய் இறந்துவிடும் என்பதுதான். கடித்த அன்றே ஆத்திரத்தில் நாயைக் கொன்று புதைத்துவிட்டால் இந்தத் தகவல் கையைவிட்டுப் போய்விடும். அதே வேளையில், 10 நாள் முடியட்டும், பிறகு தடுப்பூசியைப் பார்க்கலாம் என்று கடிபட்டவர் தாமாகவே காத்திருப்பதும் ஆபத்தான கணக்கு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, நடந்ததை எழுதி வைப்பது. நினைவு விரைவில் தனக்கு வசதியான கதையை உருவாக்கிக்கொள்ளும் என்பதால், அன்றே எழுதுவது நல்லது. நாய் எங்கே படுத்திருந்தது, உறங்கியதா விழித்திருந்ததா, அதன் அருகில் உணவோ பொருளோ இருந்ததா, யாருடைய கை எந்தத் திசையிலிருந்து அதை நோக்கிப் போனது, கடிக்கு முன் அதன் உடல் விறைத்ததா, கடித்தபின் அது தெளிவாக இருந்ததா அல்லது திசை தெரியாமல் தடுமாறியதா என்ற விவரங்கள் எல்லாம் மருத்துவருக்கு வேண்டும். இப்படி எழுதத் தொடங்கியதும், "காரணமே இல்லை" என்று சொன்ன வீட்டாரில் பலர் தாங்களே ஒரு காரணத்தைக் கண்டுகொள்கிறார்கள். நாய் கடிக்குமுன் ஒரு கணம் அசைவற்று உறையும், வாயை இறுக்கும், கண்ணின் வெண்மை தெரியும்படி ஓரப் பார்வை பார்க்கும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். உறுமலுக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட நாய், உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. ஸ்பானியல்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்கிறது: தொங்கும் நீண்ட காதுகளும், முகத்தை மறைக்கும் முடியும், பல நாடுகளில் வழக்கமாக வெட்டப்பட்டுவந்த வாலும் அவற்றின் உடல்மொழியைப் படிக்கக் கடினமாக்குகின்றன. முன்னறிவிப்பின்றித் தாக்கும் இனம் என்ற பெயருக்கு இதுவும் ஓரளவு பங்களித்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

மருத்துவப் பரிசோதனை

ஐந்து வழிகளிலும், எந்தச் சூழலிலும் தவிர்க்கக்கூடாதது இதுவே. நடத்தைச் சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படும் நாய், பூனைகளில் வலியின் பங்கு குறித்து 2020-இல் மில்ஸும் சகாக்களும் எழுதிய மதிப்பாய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலங்குகளிடமாவது வலி இருக்கிறது என்றும், சில மருத்துவர்களின் பதிவுகளில் அது 80 சதவீதத்தை நெருங்குகிறது என்றும் கூறுகிறது. வலியால் கடித்த 12 நாய்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஸ்பானிய ஆய்வில், அவற்றில் எட்டு நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு இருந்தது. வலியுள்ள நாய்கள் பல நொண்டுவதில்லை, முனகுவதும் இல்லை. மாடிப்படி ஏறத் தயங்குவது, அமரும்போது ஒரு காலை ஒதுக்கிவைப்பது, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பது போன்ற சிறு குறிகளே இருக்கும். காக்கர்களில் நாட்பட்ட காது அழற்சி சாதாரணம். தலையைத் தடவ நீண்ட கையை அது கடித்ததென்றால், காதுக்குள் பார்க்காமல் அதன் குணத்தைப் பற்றிப் பேசுவது முறையல்ல. பல், கழுத்து, முதுகுத்தண்டு, கண் பார்வை, செவித்திறன் ஆகிய அனைத்தும் பார்க்கப்பட வேண்டும். அண்மையில் தொடங்கிய மருந்துகளையும் சொல்ல வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் சில நாய்களை எரிச்சல் மிக்கவையாக மாற்றுகின்றன.

எந்த மூட்டில் வலி என்று தெளிவாகக் கண்டுபிடிக்க முடியாதபோது, சில வாரங்களுக்கு வலிநீக்கி கொடுத்து, நடத்தை மாறுகிறதா என்று மருத்துவர்கள் சோதித்துப் பார்ப்பதுண்டு. இது எளிமையானது; பல வேளைகளில் பெரிய சோதனைகளைவிட அதிகம் சொல்லும். மனிதருக்கான ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்றவற்றை வீட்டிலிருந்தே கொடுப்பது நாயின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், இந்தச் சோதனை மருத்துவரின் கையால்தான் நடக்க வேண்டும்.

தைராய்டுக் குறைவே திடீர்க் கோபத்தின் மூலம் என்ற கருத்து வளர்ப்பவர்களிடையே பெரிதும் பரவியிருக்கிறது. பழகியவர்களைக் கடிக்கும் நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, இரு கூட்டத்தின் தைராய்டு அளவுகளிலும் சிகிச்சைக்குரிய வேறுபாடு எதையும் காணவில்லை. முடி உதிர்தல், எடை கூடுதல், சோம்பல் ஆகியவற்றோடு சோதனையும் குறைவைக் காட்டினால் சிகிச்சை தர வேண்டியதுதான்; ஆனால் வேறு நோய்களாலும் அந்த அளவு தாழும் என்பதால், ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு கடிக்கான விடை கிடைத்துவிட்டது என்று நிம்மதியடைவது பொருந்தாது.

மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்க வேண்டுமா என்பது செலவு, மயக்க மருந்தின் ஆபத்து ஆகிய இரண்டையும் கருதி எடுக்க வேண்டிய முடிவு. ஐந்து வயதைக் கடந்த நாயிடம் குணம் முழுவதும் அண்மையில் மாறியிருந்தால், அல்லது வலிப்பு, ஒரே பக்கமாகச் சுற்றுதல், சுவரில் தலையை அழுத்தி நிற்றல், பார்வை குன்றுதல் போன்றவை சேர்ந்திருந்தால், மூளைக்கட்டியை மனத்தில் வைத்து அதைச் செய்வதே தகும். இரண்டு வயது நாய், கட்டிலில் படுத்திருக்கும்போது இறக்கிவிட முயன்றவரை மட்டும் கடித்திருந்தால், அச்சோதனை எதையும் காட்டாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். வலிப்பால் வரும் தாக்குதலுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வலிப்பால் தாக்கும் நாய், தனக்கு முன்னால் எது இருக்கிறதோ அதை இலக்கின்றித் தாக்கும். பெயர் சொல்லி அழைத்தால் அடையாளம் கண்டுகொள்ளாது. முடிந்தபின் குழம்பிக் களைத்திருக்கும். தொட்டவரின் கையைத் தேடிக் கடித்துவிட்டு உடனே விலகி நிற்கும் நாய், பெரும்பாலும் என்ன செய்கிறோம் என்பதை அறிந்தே செய்கிறது. அதை அச்சம் செய்யத் தூண்டியிருக்கலாம்; வலியோ பொருளைக் காக்கும் உந்துதலோ தூண்டியிருக்கலாம்.

சூழலை மாற்றி வாழ்வது

இந்த வழியின் தனிச் சிறப்பு, இன்றே தொடங்க முடியும் என்பதும், தவறென்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட முடியும் என்பதும் ஆகும். நாய் கட்டிலிலும் சோபாவிலும் படுப்பது நிறுத்தப்படும்; உறங்கும் நாயைத் தொடாமல் தொலைவிலிருந்து பெயர் சொல்லி எழுப்புவார்கள்; அது கவ்விக்கொண்ட பொருளைப் பிடுங்காமல் வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள்; கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காமல், வீட்டுக்குள்ளும் ஒரு மெல்லிய கயிறு அதன் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்; சாப்பிடும் இடம் கதவுக்கு அப்பால் தனியாக இருக்கும். கூடை வடிவ மஸில் (வாய்க்கூடு) அணிவதற்கு, உள்ளே தீனி வைத்துச் சிறிது சிறிதாகப் பழக்கினால், நாய் அதை அணிந்தபடியே மூச்சிரைக்கவும் நீர் அருந்தவும் முடியும். துணியால் வாயை இறுக்கிக் கட்டும் வகை இதற்கு உதவாது. அதை அணிந்த நாயால் வாயைத் திறந்து உடல் வெப்பத்தைத் தணிக்க முடியாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பயனும் இதில் இருக்கிறது. தூண்டுதல்கள் எல்லாம் அகற்றப்பட்ட சில வாரங்களில் சம்பவங்கள் அறவே நின்றுவிட்டால், அந்த நாய் காரணமின்றிக் கடிக்கவில்லை என்பது தெளிவாகிவிடும். எல்லாம் அகற்றப்பட்டபின்பும், யாரும் நெருங்காதபோதும் அது தாக்கினால், நாம் வலிப்பையும் மூளை நோயையும் நோக்கித் திரும்ப வேண்டும். சிகிச்சையாகவும் சோதனையாகவும் ஒருசேரப் பயன்படும் வழி இது.

இதன் குறைபாடு நாயிடம் இல்லை, மனிதரிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கதவையும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மறக்காமல் மூட வேண்டும். பெரியவர்கள் மட்டும் வாழும் ஒழுங்கான வீட்டில் இது நடக்கும். நடைபயிலும் குழந்தை, ஞாபகம் தளர்ந்த முதியவர், அடிக்கடி வந்து தங்கும் உறவினர் ஆகியோர் உள்ள வீட்டில், எவ்வளவு நல்ல திட்டமும் என்றோ ஒருநாள் தவறும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் விட்டுவைத்த ஆறாவது வழியை இங்கே முடித்துவிடலாம். நடத்தைச் சிக்கலுக்காக ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த நாய்களின் வளர்ப்பவர்களிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாயை அடிப்பதோ உதைப்பதோ 43 சதவீத நாய்களிடமும், வாயிலிருந்து பொருளை வலுவில் பிடுங்குவது 39 சதவீத நாய்களிடமும், மல்லாக்கப் புரட்டி அழுத்துவது 31 சதவீத நாய்களிடமும் ஆக்கிரமிப்பைத் தூண்டியிருந்தன. ஏற்கெனவே கடித்திருக்கும் நாயிடம் இவற்றைச் செய்யச் சொல்லும் பயிற்சியாளரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம்.

மருந்து

வளர்ப்பவரைக் கடிக்கும் நாய்களின் மூளைத் தண்டுவட நீரில், மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரோடோனினின் சிதைபொருள் குறைவாக இருந்ததாக 1996-இல் ஓர் ஆய்வு கண்டது. செரோடோனினைக் கூட்டும் மருந்துகள் இங்கே பேசப்படுவதற்கு அதுவும் ஓர் அடிப்படை. ஃப்ளுஆக்ஸெடினுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் ஒப்புதல் தந்தது, தனித்து விடப்படும்போது நாய்களுக்கு ஏற்படும் பதற்றத்துக்கே. ஆக்கிரமிப்புக்கு அதை மருத்துவர்கள் தம் பொறுப்பில் பரிந்துரைக்கிறார்கள். அதே வகையில் பயன்படும் க்ளோமிப்ரமின் என்ற மருந்தை வளர்ப்பவர் மீதான ஆக்கிரமிப்புக்குக் கொடுத்து, மருந்தற்ற மாத்திரையோடு ஒப்பிட்ட 1999 ஆய்வில், இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே மருந்தை மட்டும் நம்பிக் கதவுகளைத் திறந்துவிடுவதற்கு ஆதாரம் இல்லை. அச்சமும் பதற்றமும் மேலோங்கிய நாயிடம், சூழல் மாற்றத்துக்குத் துணையாகக் கொடுக்கும்போதுதான் இதற்கு நியாயம் இருக்கிறது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை நாய் முன்பிருந்த அதே அளவு ஆபத்தானதே. பதற்றத்தைத் தணிக்கும் சில மருந்துகள், அச்சத்தால் இருந்துவந்த தயக்கத்தை நீக்கி, கடியை அதிகமாக்குவதும் உண்டு.

வலிப்பு என்ற ஐயம் வலுவாக இருந்தால், ஃபீனோபார்பிட்டால் போன்ற வலிப்புத் தடுப்பு மருந்தை ஒரு குறித்த காலத்துக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். இரத்தத்தில் அது நிலையான அளவை எட்ட இரண்டு வாரம் அளவில் ஆகும். கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது. தாக்குதல் நின்றுவிட்டால் அது வலிப்புதான் என்று உறுதியாகிவிட்டதாகவும் கொள்ள முடியாது. அந்த மருந்து மந்தத்தையும் தரும் என்பதால், நாய் தூக்கக் கலக்கத்தில் அடங்கியிருக்கவும் கூடும்.

கருத்தடை அறுவையும் இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுகிறது. ஆண் நாய்கள் ஊர் சுற்றுவதையும் ஒன்றோடொன்று சண்டையிடுவதையும் அது குறைக்கலாம். வளர்ப்பவரைக் கடிப்பதைக் குறைக்கும் என்று நம்ப இடமில்லை. ஒரு வயதுக்குள்ளேயே ஆக்கிரமிப்புக் காட்டத் தொடங்கிய பெண் குட்டிகளிடம், அறுவைக்குப் பின் அது கூடியதாக 1990-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு.

வேறு வீடு

நல்ல மனம் படைத்தவர்கள் முதலில் நாடும் வழி இது. பெரும்பாலான சூழல்களில் ஐந்திலும் மோசமான வழியும் இதுவே என்பது என் கருத்து. வளர்த்தவரையே கடித்த நாய், தனக்குப் பழக்கமான வீட்டிலேயே கடித்திருக்கிறது. புதிய வீடு அதற்கு அதிக அச்சத்தைத் தரும். அங்குள்ளவர்களுக்கு அதன் உடல்மொழி தெரியாது. அது எந்த நேரத்தில் எதைக் காக்கும் என்றும் தெரியாது. முதல் சில வாரங்கள் அமைதியாக இருக்கும். அதைப் பார்த்து, பழைய வீட்டார்தான் சரியாக வளர்க்கவில்லை போலும் என்று புதியவர்கள் எண்ணிக்கொள்வார்கள். கடி வரலாற்றைச் சொன்னால் பெரும்பாலும் யாரும் ஏற்கமாட்டார்கள். சொல்லாமல் கொடுத்தால், அடுத்த கடிக்கு நாம் பொறுப்பாகிறோம். பண்ணை வீட்டில் விட்டால் ஓடியாடித் திரிந்து சரியாகிவிடும் என்ற ஆறுதல் பலருக்கு இருக்கிறது. மூட்டு வலியும் வலிப்பும் இடம் பெரிதானால் தீர்ந்துவிடுவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. காரணம் தெளிவாகத் தெரிந்து, அது அந்த வீட்டோடு மட்டும் கட்டுண்டதாக இருந்து, கடிகள் ஆழமற்றவையாக இருந்தால், அந்தத் தூண்டுதலே இல்லாத வீட்டுக்கு நாயை அனுப்புவது பயனளிக்கும். குழந்தையின் ஓட்டத்துக்கும் கூச்சலுக்கும் மட்டும் அஞ்சிப் பல்லைக் காட்டிய நாயை, முழு வரலாற்றையும் எழுத்தில் கொடுத்து, நாய்களை நன்கறிந்த, குழந்தைகள் இல்லாத ஒருவரிடம் ஒப்படைப்பது அப்படிப்பட்டது. காரணம் அறியப்படாத தாக்குதல் என்று முடிவானபின் இந்த விதிவிலக்குக்கே இடமில்லை. தெரியாத தூண்டுதலை எந்த வீட்டிலிருந்தும் அகற்ற முடியாது.

கருணைக்கொலை

இதைப் பற்றிப் பேசுவதே துரோகம் என்று எண்ணுவோரும் உண்டு. முதல் கடியிலேயே இதுதான் விடை என்போரும் உண்டு. இரு சாராருக்கும் உதவக்கூடிய ஓர் அளவுகோலை, கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயான் டன்பார் வகுத்திருக்கிறார். தொடாமல் காற்றில் கவ்வுவது முதல் நிலை, பல் பட்டும் தோல் துளைபடாதது இரண்டாவது, ஒரே கடியில், கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாத ஒன்று முதல் நான்கு வரையிலான துளைகள் மூன்றாவது, அதைவிட ஆழமான துளையோ, கவ்வியபடி உலுக்கியதன் காயமோ இருந்தால் நான்காவது, அப்படிப் பல கடிகள் ஐந்தாவது, மரணம் ஆறாவது. நாயின் தாடைக்கு வேண்டிய வலிமை எப்போதும் இருக்கிறது; அதை எவ்வளவு அடக்கிக்கொண்டது என்பதையே இந்த நிலைகள் காட்டுகின்றன. இரண்டாம் நிலையில் பலமுறை கடித்த நாயைவிட, நான்காம் நிலையில் ஒருமுறை கடித்த நாய் ஆபத்தானது.

வளர்ப்பவரைக் கடித்த 110 நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து ரைஸ்னரும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட கட்டுரை, நாயின் உடல் எடை கூடுதலாக இருந்ததும், அற்பமான அல்லது தீங்கற்ற தூண்டுதலுக்கே அது கடுமையாகத் தாக்கியதும் கருணைக்கொலை முடிவோடு தொடர்புற்றிருந்ததைக் காட்டியது. வளர்ப்பவர்கள் உணர்வால் எட்டிய அந்தக் கணக்கு, எனக்கு அறிவுக்கும் பொருந்துவதாகவே படுகிறது. எச்சரிக்கும் நாயோடு வாழலாம். எப்போது என்று சொல்ல முடியாத கனமான நாயோடு, குழந்தையின் முகம் அதன் வாய்க்கு நேராக இருக்கும் உயரத்தில் வாழ முடியாது. மருத்துவச் சோதனைகள் முடிந்து, சூழல் மாற்றப்பட்டு, மருந்தும் உரிய காலம் கொடுக்கப்பட்டபின்னும் ஆழமான கடி தொடர்ந்தால், கருணைக்கொலையைத் தேர்வது கொடுமையாகாது. குழந்தை உள்ள வீட்டில் நான்காம் நிலைக் கடி நேர்ந்திருந்தால், மற்ற வழிகள் அனைத்தையும் முயன்று பார்க்கும் வரை காத்திருக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தாக்குதல்களுக்கு இடையே அந்த நாய் இனிமையாக இருப்பது இந்த முடிவை மிகவும் கடினமாக்கும். ஆனால் அந்த இனிமை அடுத்த தாக்குதலின் ஆபத்தைக் குறைப்பதில்லை.

மூன்று வீடுகளில் வைத்துப் பார்த்தால்

பன்னிரண்டு கிலோ எடையுள்ள காக்கர் ஸ்பானியல், கவ்விக்கொண்ட காலுறையைப் பிடுங்கியவரை இரண்டாம் நிலையில் கடித்திருக்கிறது. வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும். இங்கே காதையும் பல்லையும் பார்த்துவிட்டு, சூழல் மாற்றத்தோடு தொடங்குவது போதும். மருந்தையும் எம்.ஆர்.ஐ.-யையும் பற்றி இப்போதைக்கு எண்ணவே வேண்டாம். வேறு வீட்டைப் பற்றிப் பேசுவதற்கும் காரணம் இல்லை.

ஒன்பது வயது கோல்டன் ரெட்ரீவர், வாழ்நாள் முழுதும் யாரையும் உறுமாதது, ஒரு மாதமாகத் தொட்டாலே சீறுகிறது. ஒருமுறை கடித்தும் இருக்கிறது. இங்கே பயிற்சியாளரைத் தேடிக் காலத்தைக் கழிப்பது வீண். மூட்டு, பல், பார்வை, செவி, மூளை என்ற வரிசையில் மருத்துவமே முதல் வழி. சோதனை முடியும்வரை மஸிலும் கதவும் பாதுகாப்பு.

நாற்பது கிலோ எடையுள்ள மூன்று வயது நாய், உறக்கத்திலிருந்து எழுந்து, கடந்து சென்ற வளர்ப்பவரின் தொடையை நான்காம் நிலையில் கடித்திருக்கிறது. இது இரண்டாவது முறை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. அன்றே நாயும் குழந்தையும் ஒரே கூரைக்குக் கீழ் இல்லாதபடி பிரிக்க வேண்டும். 10 நாள் கண்காணிப்பு மருத்துவமனையிலோ பூட்டிய தனி இடத்திலோ நடக்கட்டும். அந்த நாட்களிலேயே வலியையும் வலிப்பையும் தேடலாம். சிகிச்சைக்குரிய தெளிவான காரணம் கிடைக்காவிட்டால், இந்த வீட்டைப் பொறுத்தவரை மிச்சமிருப்பது ஐந்தாவது வழி ஒன்றே. இந்த நாய்க்கு நான்காவது வழியைப் பரிந்துரைப்பவர்கள் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முன்வருவார்களா என்று கேட்கலாம்.

எந்த வீடாக இருந்தாலும், தேர்ந்த வழிக்கு ஒரு கெடு வைத்துக்கொள்வது உதவும்: எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் கழித்து, எழுதி வைத்த குறிப்புகளை மருத்துவரோடு அமர்ந்து படித்து, கடிகளின் எண்ணிக்கையும் ஆழமும் குறைந்தனவா என்று பார்த்து, அப்போது மறுமுடிவு எடுக்கலாம். அந்த நாயிடமிருந்து குட்டி எடுப்பது மட்டும், எந்த வழியைத் தேர்ந்தாலும், அன்றோடு நிறுத்தப்பட வேண்டும். அதை விற்ற வளர்ப்பகத்துக்கும் நடந்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; ஸ்பிரிங்கர்களின் கணக்கெடுப்பில் ஒரு வளர்ப்பகத்தின் வழி தனித்துத் தெரிந்தது, அதில் பங்கேற்ற வீட்டார் தத்தம் வீட்டுக் கடிகளை மறைக்காமல் சொன்னதால்தான்.